கவலையை ஆண்டவர்கிட்ட விட்டுடுங்கன்னு சொல்றாங்களே, அதை எப்படித்தான் விடுறது?

"கவலைப்படாதீங்க, எல்லாம் ஆண்டவர் பாத்துக்குவார்." சர்ச்சுக்கு நாலு வாரம் போனவங்க யாரும் இந்த வரிகிட்ட இருந்து தப்பிச்சிருக்க மாட்டீங்க. நானும் நிறைய பேர்கிட்ட சொல்லிருக்கேன், அடுத்து என்ன பேசுறதுன்னு தெரியாமதான் பாதி நேரம் சொல்லிருக்கேன். கேக்குறவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்வி அப்படியே நிக்கும், சரி விடுறேன், எப்படி விடுறது? கையில பை இருந்தா கீழ வைக்கலாம், கவலைக்குக் கைப்பிடி எங்க இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. விசுவாசத்துக்குள்ள புதுசா வந்தவங்க, வராம வெளியில நின்னு இவங்க என்னதான் சொல்றாங்கன்னு பாக்குறவங்க, ரெண்டு பேருக்கும் புரியணும்னு அடிப்படையில இருந்து எழுதுறேன். நான் பாஸ்டர் இல்ல, இறையியல் காலேஜ் பக்கம் போனதும் இல்ல, பிறவியிலயே கொஞ்சம் அதிகமா கவலைப்படுற டைப், அந்த ஒரு தகுதிதான். பைபிள் வசனம் வர்ற இடத்துல பழைய மொழிபெயர்ப்புல இருக்கிறதை எடுத்திருக்கேன், கத்தோலிக்கக் குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு வார்த்தைகள் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், நீங்க ஜெபத்தை செபம்னு படிச்சுக்கோங்க, விஷயம் ஒண்ணுதான்.

முதல்ல அந்த வார்த்தையை ஒரு நிமிஷம் பாத்துடுவோம். கவலைங்கிற சொல்லுக்கு பழந்தமிழ்ல இன்னொரு அர்த்தம் உண்டு, ஒரு பாதை ரெண்டா மூணா பிரிஞ்சு போற இடத்துக்கும் கவலைன்னுதான் பேரு. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா கவலைப்படும்போது நாம செய்றது அதேதான். வேலை போயிட்டா என்ன பண்றது, போகலைன்னா இங்கயே எத்தனை வருஷம் கிடக்குறது, ரிசல்ட் இப்படி வந்தா என்ன, அப்படி வந்தா என்னன்னு ஒவ்வொரு பாதையிலயும் கொஞ்ச தூரம் ஓடிட்டு திரும்பி வந்து அந்தப் பிரிவுலயே நிக்கிறது. கால் வலிக்கும், ஒரு அடி கூட முன்னாடி போயிருக்க மாட்டோம்.

இப்ப இயேசு என்ன சொன்னார்ங்கிறதுக்கு வருவோம். மத்தேயு 6:25 முதல் 34 வரைக்கும் படிங்க, மலைப்பிரசங்கத்தோட நடுப்பகுதி, பத்தே வசனம்தான். அதுக்குள்ள மூணு தடவை கவலைப்படாதிருங்கள்னு வருது. இதைக் கேட்டவங்க பேங்க்ல பணம் போட்டு வச்சிட்டு நிம்மதியா உக்காந்திருந்த ஆளுங்க கிடையாது, ரோம அரசாங்கத்துக்கு வரி கட்டிட்டு மீன் புடிச்சோ நிலத்துல வேலை பாத்தோ அன்னாடம் பிழைப்பு நடத்தின ஜனங்கதான் நிறைய பேர். நாளைக்கு என்ன சாப்பிடுறதுங்கிறது அவங்களுக்கு நிஜமான கேள்வி. அதனால இது வசதியானவர் வசதியானவங்களுக்குச் சொன்ன அட்வைஸ்னு நினைச்சு தள்ளிட முடியாது.

அதுல ரொம்ப ஃபேமஸான உதாரணம் பறவைகள். விதைக்கிறதில்லை, அறுக்கிறதில்லை, களஞ்சியத்துல சேர்த்து வைக்கிறதில்லை, ஆனாலும் "அவைகளையும் உங்கள் பரமபிதா பிழைப்பூட்டுகிறார்". பறவை மாதிரி நாமளும் ஒண்ணும் பண்ணாம இருக்கலாமான்னு ஒருத்தர் கேப்பார், உடனே இன்னொருத்தர், பறவை காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தேடித்தானே சாப்பிடுதுன்னு பதில் சொல்வார், பிரசங்கத்துல இந்த ரெண்டும் போதும் போதும்ங்கிற அளவுக்கு கேட்டாச்சு. நான் கவனிச்சது வேற. 'அவைகளோட பிதா'ன்னு அவர் சொல்லலை, 'உங்கள் பரமபிதா'ன்னு சொல்றார். குருவிக்கு அவர் படைச்சவர், உங்களுக்கு அப்பா. பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கு மறக்காம தினமும் சாப்பாடு வைக்கிற ஒரு மனுஷன் தன் சொந்தப் பிள்ளையை மறந்துடுவாரா, அதுதான் அந்த இடத்துல வர்ற வாதம். மொத்தப் பகுதியும் அந்த அப்பாங்கிற ஒரு வார்த்தைமேலதான் நிக்குது, அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் பாசிட்டிவ் திங்கிங்.

சரி, இப்பதான் நிறைய பேர் தடுக்கி விழுற இடம் வருது, நானே பல வருஷம் விழுந்து கிடந்தேன். கவலையை விடுறதுன்னா நாளைக்கு நல்லதுதான் நடக்கும்னு நம்புறதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். அதனால கவலை வரும்போதெல்லாம் "நல்லதே நடக்கும், நல்லதே நடக்கும்"னு எனக்கு நானே சொல்லிப்பேன், அது கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் மனசு கேக்கும், நடக்கலைன்னா? அதுக்கு என்கிட்ட பதில் இருக்காது, திரும்ப முதல்ல இருந்து.

அப்புறம் ஒரு நாள் அந்தப் பத்து வசனத்தையே மெதுவா படிச்சப்போ கண்ணுல பட்டுச்சு, இயேசு அப்படிச் சொல்லவே இல்லை. காட்டுப்பூவைப் பத்தி சொல்றார் இல்லையா, சாலொமோன் ராஜா கூட அந்த மாதிரி உடுத்தலைன்னு, அந்தப் பூவோட நாளை என்னன்னு அடுத்த வரியிலயே சொல்லிடுறார், "இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பிலே போடப்படும் காட்டுப்புல்". நாளையைப் பத்தி கவலைப்படாதேன்னு சொல்றதுக்கு அவர் எடுத்த உதாரணத்தோட நாளை அடுப்பு! இன்னும் நாலு அதிகாரம் தள்ளி மத்தேயு 10:29-ல காசுக்கு ரெண்டு விக்கிற அடைக்கலான் குருவியைப் பத்தி பேசுறார் (பேருலயே அடைக்கலம் இருக்கு பாருங்க), பிதாவோட சித்தம் இல்லாம அதுல ஒண்ணு கூட தரையில விழாதுங்கிறார். விழவே விழாதுன்னு சொல்லலை. கடைசியா 34-ம் வசனத்துல "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்", அதாவது நாளைக்கும் பாடு இருக்கு, அதை அவர் மறைக்கவே இல்லை.

அப்ப என்னதான் வாக்கு கொடுக்குறார்? நாளைக்கு என்ன நடக்கும்ங்கிறதைப் பத்தி இல்ல, நாளைக்கு அங்க யார் இருப்பாங்கங்கிறதைப் பத்தி. கேக்க சின்ன வித்தியாசமா தோணும், ஆனா இது புரிஞ்சதுக்கு அப்புறம்தான் விடுறதுங்கிற வார்த்தையே எனக்குப் புரிய ஆரம்பிச்சுது.

இதுக்கு பைபிள்லயே ஒரு பழைய கதை இருக்கு, யாத்திராகமம் 16. இஸ்ரவேல் ஜனங்க எகிப்துல இருந்து வெளிய வந்து வனாந்தரத்துல சாப்பாட்டுக்கு வழியில்லாம முறுமுறுக்கிறாங்க, அப்ப கடவுள் வானத்துல இருந்து கொடுக்கிற மன்னாங்கிற சாப்பாடு கிடைக்குது. காலையில வெளிய போய் தலைக்கு ஒரு ஓமர் அளவு சேர்த்துக்கணும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. சில பேர் வைக்கிறாங்க (நான் அங்க இருந்திருந்தா கண்டிப்பா வச்சிருப்பேன்), காலையில பாத்தா பூச்சி புடிச்சு நாறிப் போயிருக்கு. இப்படி 40 வருஷம் நடந்துச்சு, 40 வருஷமும் மன்னா மூட்டையா வந்ததே இல்லை, அன்னன்னிக்குத்தான்.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த விஷயத்துக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. கவலைப்படும்போது நாம ஒரு கெட்ட நாளை மனசுக்குள்ள உருவாக்கி அதுக்குள்ள போய் நிக்கிறோம், அங்க நாம தனியா நிக்கிறோம், ஏன்னா அந்த நாளுக்கான மன்னா இன்னும் விழலை. அந்த நாளுக்கு வேண்டிய பலம், அந்த நேரத்துல வர்ற மனுஷங்க, எதிர்பாராம திறக்கிற ஒரு கதவு, இது எதுவும் நம்ம கற்பனைக்குள்ள வராது, கஷ்டம் மட்டும் முழுசா வரும். அதான் கற்பனையில எல்லாமே தாங்க முடியாததா தெரியுது. இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்துல கூட "இன்று எங்களுக்குத் தாரும்"னுதான் இருக்கு, இந்த மாசத்துக்குத் தாரும்னு இல்லை.

ஒரு தடவை வீட்ல ஒருத்தருக்கு டெஸ்ட் எடுத்துட்டு ரிப்போர்ட்டுக்கு அஞ்சு நாள் காத்திருக்க வேண்டி வந்துச்சு. அந்த அஞ்சு நாள்ல நான் மனசுக்குள்ள சாவு வீட்டுக்கு யார் யாருக்கு போன் பண்ணணும்கிற வரைக்கும் போயிட்டேன். ரிப்போர்ட் வந்துச்சு. நான் பயந்தது அதுல இல்லை, நான் யோசிச்சே பாக்காத வேற ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு எட்டு மாசம் அலைஞ்சோம், கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த எட்டு மாசத்துல ஒரு நாள் கூட அந்த அஞ்சு நாள் அளவுக்கு மோசமா இல்லை. அஞ்சு நாளும் நான் பட்ட கவலை அந்த எட்டு மாசத்துல எதுக்கும் உதவவும் இல்லை, அது வேற நோய்க்குப் பட்ட கவலை. "கவலைப்படுகிறதினாலே உங்களில் எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான்"னு இயேசு கேக்குறாரே, அங்க சரீர அளவுன்னு வர்ற கிரேக்க வார்த்தைக்கு ஆயுசுன்னும் அர்த்தம் உண்டு. ஒரு முழம் வளரவும் முடியாது, ஒரு முழம் கூடுதலா வாழவும் முடியாது.

அப்ப பிளான் பண்ணவே கூடாதா, இன்சூரன்ஸ் எடுக்கக் கூடாதா, சேமிக்கக் கூடாதான்னு ஒரு கேள்வி வரும். மன்னா கதையிலயே பதில் இருக்கு. ஆறாம் நாள் ரெண்டு மடங்கு சேர்த்து ஓய்வுநாளுக்கு எடுத்து வைக்கணும்னு சொல்லப்பட்டிருந்துச்சு, அது நாறலை. அதே மன்னாதான், எடுத்து வச்சதும் அதே மாதிரிதான். அதனால எடுத்து வைக்கிறது தப்பில்ல, அவர் நாளைக்கும் கொடுப்பாராங்கிற சந்தேகத்துல பதுக்குறதுதான் பிரச்சனை. யோசேப்பு எகிப்துல ஏழு செழிப்பான வருஷமும் விளைச்சல்ல ஐந்துல ஒரு பங்கு சேர்த்து வச்சார், வரப்போறதை முன்கூட்டியே காட்டினது கடவுள்தான்னு ஆதியாகமம் 41 சொல்லுது. நீதிமொழிகள் எறும்பைப் போய் பாருங்குது. கோபுரம் கட்டுறவன் முதல்ல உக்காந்து செலவைக் கணக்குப் பாக்க மாட்டானான்னு இயேசுவே கேக்குறார்.

ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னா, எனக்கு உதவுறது இது: திட்டம் ஒரு இடத்துல முடியும், கவலை முடியாது. திட்டம் போட்டு முடிச்சா கையில ஏதாவது ஒரு வேலை இருக்கும், இன்னிக்கு ஒரு போன் பண்ணணும், ஒரு ஃபார்ம் நிரப்பணும், நாலு பக்கம் படிக்கணும்னு. கவலையில ரெண்டு மணி நேரம் உக்காந்து எந்திரிச்சா கையில ஒண்ணும் இருக்காது, வயித்துல மட்டும் ஒரு கல்லு இருக்கும்.

இப்ப அந்த முதல் கேள்வி, எப்படி விடுறது. 1 பேதுரு 5:7-ல "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்"னு இருக்கு (விசாரிக்கிறவர்னா அக்கறை எடுத்துப் பாத்துக்கிறவர்). கிரேக்க மூலத்துல அந்த வைத்துவிடுங்கள்ங்கிற வார்த்தை தூக்கிப் போடுறதுக்கு உள்ள வார்த்தை, சீஷர்கள் கழுதைக்குட்டி மேல தங்களோட வஸ்திரங்களைத் தூக்கிப் போட்டாங்கன்னு லூக்கா 19:35-ல வர்றதும் அதே வார்த்தைதான். ஒரு சுமையை சுமக்கிறதுக்கு ஏத்த முதுகு மேல தூக்கிப் போடுறது. இதை எழுதின பேதுரு ஏசி ரூம்ல உக்காந்து எழுதலை. அப்போஸ்தலர் 12-ல ஒரு ராத்திரி வருது, ஏரோது ராஜா யாக்கோபை ஏற்கனவே வாளால கொன்னுட்டான், அடுத்து பேதுரு, விடிஞ்சா ஜனங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தப் போறாங்க. அந்த ராத்திரி பேதுரு ரெண்டு சங்கிலியில கட்டப்பட்டு ரெண்டு சேவகர் நடுவுல தூங்கிட்டு இருக்கார். தேவதூதன் வந்து விலாவுல தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்துச்சு, அவ்வளவு தூக்கம்! எனக்கு மறுநாள் ஒரு மீட்டிங் இருந்தாலே தூக்கம் வராது.

இன்னொண்ணும் கவனிங்க, பேதுரு தப்பிச்சார், யாக்கோபு செத்துட்டார். ரெண்டு பேரும் அதே இயேசுவோட சீஷர்கள், ரெண்டு பேரும் அவர் கூடவே சுத்தினவங்க. பேதுரு தூங்கினது தப்பிச்சிடுவோம்னு தெரிஞ்சு இல்லை, யாக்கோபோட முடிவு அவர் கண்ணு முன்னாடி இருந்துச்சு.

அதே கடிதத்துல முந்தின வசனம் தேவனோட பலத்த கைக்குள்ள அடங்கியிருங்கள்னு சொல்லுது, இந்த ரெண்டு வசனமும் மூலத்துல ஒரே வாக்கியம். அப்ப கவலையைப் போடுறது ஒரு வகையில தாழ்மை. இதைப் படிச்சதும் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு எனக்கு, ஏன்னா ராத்திரி முழிச்சிருந்து யோசிக்கும்போது ஏதோ நான் முழிச்சிருந்தாதான் வீடு நிக்கும்ங்கிற மாதிரி ஒரு நினைப்பு அடியில ஓடிட்டுதான் இருக்கு. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லைன்னு சங்கீதம் 121 சொல்லுது. அவர் முழிச்சிருக்கார்னா ரெண்டு பேரும் முழிச்சிருக்கத் தேவையில்லை.

நடைமுறைக்கு, ஆரம்பகால சபைகளுக்குக் கடிதங்கள் எழுதின பவுல் பிலிப்பியர் 4:6-ல சொல்றது ரொம்ப நேரடியா இருக்கும், ஒண்ணுக்கும் கவலைப்படாம உங்க விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோட (அதாவது நன்றியோட) தேவனுக்குத் தெரியப்படுத்துங்கன்னு. நமக்கு என்ன தேவைன்னு பிதாவுக்கு ஏற்கனவே தெரியும்னு இயேசு சொல்லிட்டார், அப்புறம் எதுக்குத் தெரியப்படுத்தணும்? என் அனுபவத்துல தெரியப்படுத்துறது பாதி எனக்காகத்தான். "ஆண்டவரே எல்லாத்தையும் பாத்துக்கோங்க"ன்னு மொத்தமா ஜெபிச்சா மனசு இறங்காது. "வர்ற வியாழக்கிழமை அந்த ஆளைப் பாத்துப் பேசணும், கத்திடுவாரோன்னு பயமா இருக்கு"ன்னு வாக்கியமா சொல்லும்போதுதான், இவ்வளவு பெருசா பூதம் மாதிரி நின்னது இந்த ஒரு வரிதானான்னு தெரியும். சில நாள் பேப்பர்ல எழுதிடுவேன், இதுல இன்னிக்கு நான் செய்யக்கூடியது என்ன, என் கையிலயே இல்லாதது என்னன்னு ரெண்டு பக்கமா. முதல் பக்கத்துல இருக்கிறதை செய்யணும், ரெண்டாவது பக்கத்தை ஒவ்வொண்ணா படிச்சு இது உங்களோடதுன்னு சொல்லிடுவேன். ஸ்தோத்திரத்தோடன்னு ஏன் சேர்த்தார்னா, போன தடவை இதே மாதிரி பாதை பிரியிற ஒரு இடத்துல நின்னப்போ எப்படிக் கடந்து வந்தோம்னு நினைச்சுப் பாக்க வைக்கத்தான்னு நினைக்கிறேன்.

அடுத்த வசனம் வாக்கு கொடுக்குறது என்னன்னு பாருங்க. கேட்டதெல்லாம் கிடைக்கும்னு அங்க இல்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்க இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும்னு இருக்கு. அந்தக் காத்துக்கொள்ளும்ங்கிறது படைக்காரங்க நகரத்துக்குக் காவல் நிக்கிற வார்த்தை. இதை பவுல் எழுதினது காவல்ல இருந்துதான், வெளிய ஒரு காவல், உள்ள ஒரு காவல்.

விட்டுட்டேன், ஆனா அரை மணி நேரத்துல திரும்ப வந்துடுச்சுன்னு சொல்றீங்களா? வரும். எனக்கும் வரும். சிலுவையில அறையப்படுறதுக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு வரப்போறதை நினைச்சு வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம் (அதாவது அந்தப் பாடு) என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்னு கேட்டார், ஆனாலும் "உம்முடைய சித்தத்தின்படியே"ன்னு முடிச்சார். ஒரு தடவை இல்ல, எழுந்து போய் சீஷர்களைப் பாத்துட்டு திரும்ப வந்து அதே ஜெபம், மூணாவது தடவையும் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபிச்சார்னு மத்தேயு 26:44-ல எழுதிருக்கு. அவருக்கே மூணு தடவை ஆச்சுன்னா எனக்கு முப்பது தடவை ஆகுறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இதோட சம்பந்தப்பட்ட ஒரு ஆதங்கத்தையும் கொட்டிடுறேன். அந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த சமயத்துல ஜெபக் கூட்டத்துல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "நீங்க விசுவாசத்துல குறைவா இருக்கீங்க, அதான் கலங்குறீங்க"ன்னு சொன்னார். வீட்டுக்கு வந்தப்போ ரெண்டு கவலை ஆயிடுச்சு, பழைய கவலை ஒண்ணு, கவலைப்படுறதைப் பத்தின கவலை ஒண்ணு. அவர் வசனம் இல்லாம பேசலை, அந்தப் பத்து வசனத்துல இயேசு "அற்பவிசுவாசிகளே"ன்னு கூப்பிடத்தான் செய்றார். ஆனா அற்பம்னா கொஞ்சம்னு அர்த்தம், இல்லவே இல்லைன்னு இல்ல. படகுல புயல் அடிச்சப்போவும் சீஷர்களை அதே பேர் சொல்லித்தான் கூப்பிட்டார், கூப்பிட்டுட்டு உடனே எந்திரிச்சு காத்தையும் கடலையும் அடக்கினார். விசுவாசம் பெருசாகட்டும் அப்புறம் பாக்குறேன்னு படுக்கலை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு பிள்ளைக்கு சுகம் கேட்டு வந்த ஒரு அப்பா மாற்கு 9-ல அழுதுட்டே சொல்றார், அந்த அரைகுறை ஜெபத்துக்கு பதில் கிடைச்சுது, பிள்ளை குணமாச்சு. அக்கறையினால வர்ற கவலையும் இருக்கு, எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தினமும் தன்னை நெருக்குதுன்னு பவுலே 2 கொரிந்தியர் 11:28-ல எழுதுறார், மூலத்துல பிலிப்பியர்ல வேண்டாம்னு சொன்ன அதே வார்த்தையோட குடும்பம்தான். கல்லு மாதிரி இருக்கச் சொல்லி யாரும் கேக்கலை.

இன்னொண்ணு, இதை லேசா எடுத்துக்காதீங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்லை, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு முட்டுது, சாப்பிட முடியலை, வேலைக்குப் போக முடியலை, வாழவே வேண்டாம்னு தோணுதுன்னா அது டாக்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ போக வேண்டிய விஷயம், வாழ வேண்டாம்னு தோணுதுன்னா இன்னிக்கே போகணும், பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட இன்னிக்கே சொல்லணும். மாத்திரை எடுத்தா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடிக்குக் கீழ படுத்துட்டு என்னை எடுத்துக்கொள்ளும்னு சாவைக் கேட்டப்போ, தேவதூதன் பிரசங்கம் பண்ணலை, எழுப்பி சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டுட்டுத் திரும்ப தூங்கவிட்டான், மறுபடி எழுப்பி சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில தேவன் பேசினதெல்லாம் அதுக்கு அப்புறம். பவுல் கூட தன்னோட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவோட வயித்து உபாதைக்கு ஜெபம் பண்ணுன்னு மட்டும் எழுதாம கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கோன்னு வைத்தியம் சொல்றார்.

கடைசியா அந்த ஃபேமஸான வசனம், எரேமியா 29:11. காலண்டர், சுவர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எல்லா இடத்துலயும் இருக்கும், உங்கமேல நான் வச்சிருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவானவைகள்னு. அழகான வசனம், ஆனா பத்தாம் வசனத்தை யாரும் ஃபிரேம் போட்டு மாட்டுறதில்லை. எருசலேம்ல இருந்து பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது, பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகுதான் திரும்ப வருவீங்கன்னு அதுல இருக்கு. அந்தக் கடிதத்தை வாங்கிப் படிச்ச பெரியவங்க நிறைய பேர் அந்த மண்ணுலயே செத்திருப்பாங்க. அவங்களுக்கு சொல்லப்பட்டது என்னன்னா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கிற அந்த நகரத்துக்காக ஜெபம் பண்ணுங்கங்கிறது.

அதை எழுதின எரேமியா தானே என்ன பண்ணார்ங்கிறது 32-ம் அதிகாரத்துல இருக்கு. கி.மு. 587 வாக்குல பாபிலோன் படை எருசலேமைச் சுத்தி முற்றுகை போட்டிருக்கு, நகரம் விழப்போகுதுன்னு எரேமியாவே சொல்லிட்டு இருக்கார், சொன்னதுக்காகவே காவல்ல அடைச்சும் வச்சிருக்காங்க. அப்ப அவரோட சொந்தக்காரன் ஒருத்தன் வந்து ஆனதோத் ஊர்ல இருக்கிற நிலத்தை வாங்கிக்கோங்கங்கிறான். அந்த நேரத்துல நிலம் வாங்குறவன் எவனாவது இருப்பானா? கர்த்தர் வாங்கச் சொல்றார், எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரத்துல கையெழுத்து போடுறார், முத்திரை போடுறார், சாட்சி வைக்கிறார். எல்லாம் முடிச்சிட்டு அப்புறம்தான் ஜெபத்துல கேக்குறார், நகரமே கல்தேயர் (பாபிலோன்காரங்க) கையில போகப்போகுது, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரேன்னு. புரியாமலேயே வாங்கிருக்கார். நகரம் விழுந்துச்சு, கொஞ்ச காலத்துல அவரை எகிப்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த நிலத்துல அவர் ஒரு நாளாவது காலடி வச்சாரான்னு பைபிள்ல எழுதலை. பத்திரத்தை மட்டும் ரொம்ப நாள் கெடாம இருக்கட்டும்னு ஒரு மண்பாண்டத்துக்குள்ள போட்டு வைக்கச் சொல்லிட்டார்.